சமூசா ஆண் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆயா

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஈஸ்டர் வெள்ளிக்கிழமை இசிப்பிங்கோ ரெயில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், என் மகன் பேத்திகளுக்கு இரண்டு முயல் குட்டிகள் வாங்கிக் கொடுத்தான். அட்டைப்பெட்டியில் வைத்து விற்றவர், இரண்டும் ஒரே ஈத்து, இரண்டும் பெண், எட்டு வாரக் குட்டிகள் என்று சொன்னார். பழுப்பு நிறத்தின் பெயர் மைலோ. வெள்ளையின் காது முக்கோணமாக இருப்பதால் அதற்குச் சமூசா என்று பெயர். இப்போது 14 வாரம் ஆகிறது. பத்து நாளாகச் சமூசா, மைலோவைச் சுற்றிச் சுற்றி வருகிறது, மேலே ஏறுகிறது. ஒரு மிருக டாக்டரின் இடத்துக்குப் போன் செய்தோம். ஆறு மாதம் ஆகட்டும், அப்புறம் கருத்தடை செய்யலாம் என்றார்கள். அதுவரை சேர்த்தே வைத்திருக்கலாமா? ஆணாகவே இருந்தாலும் கூடப் பிறந்தவைதானே, ஒன்றும் ஆகாது என்கிறான் மகன். ஒரு ஈத்து போட்டால்தான் பெண் முயலுக்கு உடம்பு நல்லது என்கிறார் அடுத்த வீட்டு ஆன்ட்டி. பிரித்தால் ஏங்கிச் செத்துவிடும் என்று பேத்திகள் அழுகிறார்கள். மகன், இறைச்சி சுடும் பிரை அடுப்பின் கம்பித்தட்டைக் குறுக்கே நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை சமூசா அதைத் தாண்டிக் குதித்துவிட்டது. என் அப்பா டோங்காட்டில் கரும்புத் தோட்டத்து லைனில் இருந்தபோது முயல் வளர்த்தார். ஆண் முயலை எப்போதும் தனிக்கூண்டில்தான் வைப்பார். ஏன் என்று அப்போது நான் கேட்டதில்லை.

ஒரு ஆயா, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா.

பதில்:

ஆயா, இந்தப் பதிலைப் பாதி படித்துவிட்டு வைத்துவிடுவீர்கள் என்றால் இதை மட்டும் படியுங்கள். இன்றைக்கே பிரித்துவிடுங்கள். ஆறு மாதம் வரை காத்திருப்பது ஒரு கணக்கு, சேர்த்து வைப்பது இன்னொரு கணக்கு. போனில் பேசியவர் முதல் கணக்கைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்ல மறந்துவிட்டார். இது அடிக்கடி நடக்கிறது. 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பப்பட்டவர்கள், ஆறாவது மாதம் இரண்டு முயலோடு வருவதில்லை. எட்டோடு வருகிறார்கள்.

உங்கள் அப்பா செய்ததுதான் சரி. முயல் வளர்க்கத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆணுக்குத் தனிக்கூண்டு. குட்டி வேண்டும் என்று தோன்றுகிற அன்றைக்குப் பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் ஆணின் கூண்டில் விடுவார்கள். சில நிமிஷம் பக்கத்திலேயே நிற்பார்கள், வேலை முடிந்ததும் பெண்ணைத் திரும்ப எடுத்து வந்துவிடுவார்கள். உங்கள் அப்பா இதைச் செய்யும்போது சின்னப் பிள்ளையான உங்களை 'அந்தப் பக்கம் போய் விளையாடு' என்று விரட்டியிருப்பார். அதனால்தான் காரணம் உங்கள் காதில் விழாமல் போயிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் சமூசா ஆணா பெண்ணா? மேலே ஏறுவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பெண் முயலும் பெண் முயல்மேல் ஏறும், யார் பெரியவர் என்று காட்டுவதற்காக. ஆனால் 14 வார வயது, சுற்றிச் சுற்றி வருவது, பத்து நாளாக விடாமல் செய்வது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் பந்தயம் ஆண் பக்கம்தான். சுற்றும்போது தொண்டைக்குள் 'உம் உம்' என்று ஒரு முனகல் கேட்கிறதா, மைலோவின் உடம்பில் மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும்.

விற்றவரைத் திட்ட வேண்டாம். எட்டு வாரக் குட்டியில் அது ஆணா பெண்ணா என்று சொல்வது அவ்வளவு எளிது இல்லை. நானே ஏமாந்திருக்கிறேன். ஆண்டர்ஸ்டிபூர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வந்த புதிதில், ஒரு வீட்டார் இரண்டு சாம்பல் நிறக் குட்டிகளைக் கொண்டு வந்தார்கள். மாலை நேரம், வெளியே வரிசை, ஒரு நாய் குலைத்துக்கொண்டே இருக்கிறது. நான் அவசரமாகத் திருப்பிப் பார்த்து 'இரண்டும் பெண், சந்தோஷமாக இருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டம்மா போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார். 'டாக்டர், உங்கள் இரண்டு பெண்களுக்கும் ஏழு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன.' அந்த ஏழுக்கும் வீடு தேடிக் கொடுத்தது நான்தான். கடைசிக் குட்டியை யாரும் எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் என் வீட்டிலேயே இருந்தது. அதற்குப் பிறகு, வாசலில் எத்தனை பேர் நின்றாலும், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு முறை பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

நீங்களே வீட்டில் பார்க்கலாம், ஆனால் தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முயலின் முதுகெலும்பு மெலிது, பின்னங்கால் பலம் அதிகம். பயந்து ஓங்கி உதைத்தால் தன் முதுகைத் தானே உடைத்துக்கொள்ளும். மடியில் ஒரு துண்டு விரித்து, அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி உட்கார வையுங்கள். மகன் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கட்டும். வாலுக்கு முன்னால் உள்ள துவாரத்தின் இரண்டு பக்கமும் விரலால் மெதுவாக அழுத்தினால் உள்சதை லேசாக வெளியே வரும். நீளவாக்கில் ஒரு கீறல் மாதிரி, வாலை நோக்கித் திறந்திருந்தால் பெண். சின்னக் குழாய் போல உருண்டு நீண்டு, நுனியில் ஒரு புள்ளித் துவாரம் தெரிந்தால் ஆண். 14 வாரத்தில் இதைவிட எளிய அடையாளம் ஒன்றும் இருக்கிறது. ஆண் முயலுக்குப் பத்து, பன்னிரண்டு வாரத்தில் விதைகள் கீழே இறங்கிவிடும். துவாரத்துக்கு இரண்டு பக்கமும், முடி அதிகம் இல்லாத இரண்டு நீளமான பைகள், ஒவ்வொன்றும் ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவுக்குத் தட்டுப்படும். ஆனால் ஒரு எச்சரிக்கை. முயல் பயந்தால் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த வழி அதற்கு எப்போதும் திறந்தே இருக்கும். அதனால் பை தெரிந்தால் நிச்சயம் ஆண், தெரியாவிட்டால் பெண் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஆண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மகன் சொன்னது. கூடப் பிறந்தவை என்ற கணக்கு முயலுக்குத் தெரியாது. அண்ணன் தங்கையோடும் சேரும், மகன் தாயோடும் சேரும். எச்சரிக்கைக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நாய்க்கும் மாட்டுக்கும் இருப்பதுபோல் முயலுக்குச் 'சூடு' வரும் நாள் என்று தனியாக இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகுதான், சுமார் பத்து மணி நேரத்தில், பெண் முயலுக்குக் கருமுட்டை வெளிவரும். சேருவதே முட்டையை வரவழைக்கிறது. ஆகவே 'இந்த வாரம் ஆபத்து இல்லை, அடுத்த வாரம் பிரிக்கலாம்' என்ற ஏற்பாடு முயலிடம் நடக்காது. சேருவதற்கும் அதிக நேரம் வேண்டாம். நீங்கள் கேத்தலைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். ஆண் ஒரு சின்ன முனகலோடு பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்து விழும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சமூசா தூங்கி விழுந்துவிட்டது என்று வந்து சொல்வார்கள்.

கர்ப்ப காலம் 31 நாள், ஒன்றிரண்டு முன்னேபின்னே. குட்டி போட்ட அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், தாய் மறுபடியும் கருத்தரிக்கும். ஆணை அதே கூண்டில் விட்டு வைத்தால், முதல் ஈத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இரண்டாவது ஈத்தைச் சுமக்கும். ஒரு ஈத்துக்கு நான்கிலிருந்து எட்டுக் குட்டி சாதாரணம், அதைவிடக் கூடவும் போடும். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இறைச்சிக்காகக் கேப் டவுனுக்கு எதிரே உள்ள ராபன் தீவில் முயல்களைக் கொண்டுபோய் விட்டார்கள். 2008-ல் அந்தத் தீவில் சுமார் 25,000 முயல்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். தீவின் செடிகொடியை எல்லாம் தின்று தீர்த்ததால் அவற்றைக் கொன்று குறைக்க வேண்டியதாயிற்று. உங்கள் பின்கட்டு ராபன் தீவு இல்லைதான். ஆனால் ஆரம்பம் அங்கேயும் இப்படித்தான்.

எந்த வயதில் குட்டி போடத் தயாராகும்? சின்ன வகை முயல்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவம் அடைந்துவிடும். நடுத்தர அளவு நான்கு, ஐந்து மாதம். பெரிய வகைக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். நம் ஊரில் வழியில் விற்கும் குட்டிகள் பெரும்பாலும் பல வகை கலந்தவை. அதனால் பன்னிரண்டு வாரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். நீங்கள் இரண்டு வாரம் தாண்டிவிட்டீர்கள். பதற வேண்டாம், ஆனால் நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம்.

அடுத்த வீட்டு ஆன்ட்டி சொன்னதை நான் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். நாய்க்குச் சொல்வார்கள், பூனைக்குச் சொல்வார்கள், முயலுக்கும் சொல்வார்கள். ஒரு ஈத்து போட்டால் பெண் முயலுக்கு எந்த நன்மையும் கிடையாது. உண்மையில் பெண் முயலின் உடம்புக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். நான்கு, ஐந்து வயதைத் தாண்டியவற்றில் பாதிக்கும் மேல் வந்ததாகக் காட்டிய ஆய்வுகள் உண்டு. குட்டி போட்டிருந்தாலும் அந்தப் புற்று வரும். மைலோவின் கருப்பையை எடுக்கச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணம் இதுதான். குட்டி வேண்டாம் என்பதெல்லாம் இரண்டாவது காரணம்.

பேத்திகள் அழுவது நியாயம். முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றைச் சமையலறையிலும் இன்னொன்றைக் கராஜிலும் போட்டால் உண்மையிலேயே வாடிப்போகும். அதைவிட மோசம், மூன்று மாதம் கழித்து ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கடித்துக் குதறும். ஆகவே நான் சொல்லும் பிரிப்பு வேறு மாதிரி. பார்க்க வேண்டும், மோப்பம் பிடிக்க வேண்டும், பக்கத்தில் படுக்க வேண்டும். தொட மட்டும் முடியக் கூடாது.

பிரை தட்டு இதற்கு உதவாது. உயரமும் போதாது, ஒரே ஒரு தட்டாக இருப்பதும் தவறு. நாய்க்குட்டிக்கு விற்கும் மடக்கு வேலி வாங்குங்கள், குறைந்தது 90 செ.மீ. உயரம் வேண்டும். அந்த வேலியை இரண்டு வரிசையாக நிறுத்தி, நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒற்றைக் கம்பி வலை வழியாக மூக்கைக் கடித்துக்கொள்ளும். வலை அகலமாக இருந்தால் அதன் வழியாகவே சேர்ந்துவிடும் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நடந்திருக்கிறது. இரண்டு வரிசைக்கும் அருகே, எதிர் எதிராக, காய்ந்த புல்லை வையுங்கள். முயல் தனியாகச் சாப்பிடுவதைவிடக் கூட்டாளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதை விரும்பும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை இடத்தை மாற்றி விடுங்கள். மைலோ இருந்த பக்கத்துக்குச் சமூசா, சமூசா இருந்த பக்கத்துக்கு மைலோ. மலத்தட்டையும் அப்படியே விட்டு மாற்றுங்கள், கழுவிவிட வேண்டாம். வாசனை கலந்தே இருந்தால் பின்னால் சேர்ப்பது சுலபம். முதல் இரண்டு நாள் சமூசா வேலியைப் பிறாண்டும், கம்பியைக் கடிக்கும். ஏக்கத்தில் அழுகிறது என்று பேத்திகள் நினைத்துக்கொள்வார்கள். அது ஏக்கம் இல்லை, பருவக் கோளாறு. ஆப்பரேஷனுக்கு அப்புறம் அடங்கிவிடும்.

வெளியே விடும்போது ஒவ்வொன்றாக விடுங்கள். ஒன்றைக் கூண்டில் பூட்டிவிட்டு மற்றதை விட வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே விதியில் இருக்க வேண்டும். 'ஐந்து நிமிஷம் பக்கத்தில் விட்டேன், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்' என்று சொல்கிற ஒரு அங்கிள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

இப்போது ஆறு மாதக் கணக்கைப் பார்ப்போம். பெண் முயலுக்கு ஐந்து, ஆறு மாதத்தில் செய்வது சரியான ஆலோசனைதான். அதற்கு முன் கருப்பை மிகச் சின்னதாக இருக்கும், பல டாக்டர்கள் கொஞ்சம் வளரட்டும் என்பார்கள். ஆனால் ஆணுக்கு ஆறு மாதம் காத்திருக்கத் தேவையே இல்லை. விதை இறங்கிவிட்டால் செய்துவிடலாம், அதாவது சமூசாவுக்கு இப்போதே. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காயடித்த மறுநாளே ஆண் ஆபத்தில்லாதவன் ஆகிவிட்டான் என்று நினைத்துச் சேர்த்து விடுகிறார்கள். விதையை எடுத்தாலும் குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்து சில வாரம் உயிரோடு இருக்கும். ஆறு வாரம் தள்ளி வையுங்கள். நான்கு வாரம் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆறுதான் நிம்மதி.

இதையெல்லாம் உங்கள் வீட்டு நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. அடுத்த ஒரு வாரத்துக்குள் சமூசாவுக்குக் காயடிப்பு. அங்கிருந்து ஆறு வாரம் எண்ணிக்கொண்டு வந்தால் மைலோவுக்கு ஐந்து மாதம் நெருங்கியிருக்கும். அப்போது அதற்குக் கருத்தடை. புண் ஆற இரண்டு மூன்று வாரம். ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் இரண்டையும் மறுபடி அறிமுகம் செய்யத் தொடங்கலாம். பேத்திகளிடம் 'ரொம்ப நாள்' என்று சொல்லாதீர்கள். ஆடி மாதம் என்று சொல்லுங்கள். நாட்காட்டியில் ஒரு நாளை வட்டம் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

டாக்டரைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய் பூனைக்குக் கொடுப்பதைவிட ஆபத்து அதிகம். இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பிரிட்டனில் 2008-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புடைய மரணம் முயலில் 1.39 சதவீதம், பூனையில் 0.24, நாயில் 0.17 என்று வந்தது. அதில் நோயாளி முயல்களும் சேர்ந்திருந்தன. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவற்றில் 0.73 சதவீதம். கருப்பைப் புற்றின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் ஆப்பரேஷன்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த ஆபத்தைக் குறைப்பது, முயலை வழக்கமாகத் தொடும் கைகள்தான்.

போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை முயல் ஆப்பரேஷன் செய்கிறீர்கள்? முதல் நாள் இரவு பட்டினி போட வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் கொடுக்காதீர்கள்' என்று பதில் வந்தால், நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் நாய் மாதிரி அதைப் பட்டினி போட வேண்டிய அவசியம் இல்லை. மாறாக, சாப்பாடு நின்றால் அதன் குடல் நின்றுவிடும். குடல் நின்ற முயலைக் காப்பாற்றுவது, ஆப்பரேஷனைவிடக் கஷ்டம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்வரை புல் தின்னட்டும். அதற்குப் பிடித்த புல்லையும் ஒரு கட்டுக் கொத்தமல்லியையும் கூடவே கொண்டு போங்கள். மயக்கம் தெளிந்ததும் பழகிய வாசனை மூக்கில் பட்டால் சீக்கிரம் வாய் வைக்கும். வரும்போது வலி மருந்து இல்லாமல் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். வலி இருந்தால் முயல் சாப்பிடாது, அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்கு வந்த அன்றிரவு நீங்கள் பார்க்க வேண்டியது தையலை அல்ல, மலத்தட்டை. உருண்டை உருண்டையாகப் புழுக்கை விழுகிறதா? கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அரை நாளுக்கு ஒன்றுமே விழவில்லை, ஒன்றுமே தின்னவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் போன் செய்யுங்கள். மரத்தூளை எடுத்துவிட்டு ஒரு வாரத்துக்குப் பழைய வெள்ளைத் துண்டை விரித்து வையுங்கள். ரத்தக் கசிவு இருந்தால் உடனே தெரியும், தூளும் புண்ணில் ஒட்டாது. நம் ஊரில் குளிர்காலத்திலும் ஈ முழுசாகப் போவதில்லை. ஈரமான பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள். உண்ணி, தெள்ளுப் பூச்சிக்கு நாய்க்குப் போடும் மருந்தை மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். 'ஃபிப்ரோனில்' என்ற ரசாயனம் கலந்த மருந்து முயலைக் கொன்றுவிடக்கூடும்.

அதே தடவை தடுப்பூசியைப் பற்றியும் கேட்டு வையுங்கள். முயல்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படுத்தும் கொள்ளைநோய் வைரஸ் 2022 கடைசியில் நம் நாட்டில், வறண்ட கரூ பிரதேசத்தில், முதல் முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. செருப்பிலும் புல்லிலும் ஒட்டி வரக்கூடிய நோய். எப்போது, எது போடலாம் என்று உங்கள் டாக்டர் சொல்வார்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தாண்டிக் குதித்ததே, அப்போதே ஏதாவது ஆகியிருக்குமா? 14 வாரத்தில் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று எழுத என் கை வரவில்லை. கடைசியாக இரண்டும் ஒன்றாக இருந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 35 நாள் எண்ணுங்கள். அதுவரை மைலோவைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பழகிய டாக்டர் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார், ஸ்கேனிலும் தெரியும். நீங்களாக வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம்.

கருத்தரித்திருந்தால் இரண்டு வழி இருக்கிறது. ஆரம்பத்திலேயே கருப்பையோடு சேர்த்து எடுத்துவிடலாம், பல டாக்டர்கள் செய்வார்கள். இந்த வயதில் குட்டி போடுவது மைலோவுக்கும் நல்லதில்லை, அதுவே இன்னும் குழந்தைதான். என்னிடம் கேட்டால் அந்த வழியைத்தான் சொல்வேன். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அதையும் நான் புரிந்துகொள்வேன், கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது வந்த முயல் அல்லவா. அப்படியானால் ஒரு மரப்பெட்டியில் காய்ந்த புல்லை நிறையப் போட்டு வையுங்கள். குட்டி போடும் நாள் நெருங்கும்போது தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும். ஆனால் முடி பிடுங்கினாலே கர்ப்பம் என்று நினைக்காதீர்கள். ஆணோடு சேர்ந்தும் கரு தங்காமல் போனால், அல்லது வேறொரு பெண் மேலே ஏறினாலும், பொய்க் கர்ப்பம் வரும். பதினாறு, பதினேழு நாளில் கூடு கட்டிவிட்டு, இரண்டு நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடும். 31 நாளா, 17 நாளா என்று நீங்கள் குறித்து வைத்த தேதி அப்போது உதவும்.

குட்டி பிறந்தால் இன்னொரு பயம் வரும். தாய் கிட்டேயே போக மாட்டேன் என்கிறது, பால் கொடுக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். முயல் நாளைக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை, மூன்று நான்கு நிமிஷம்தான் பால் கொடுக்கும். அதுவும் விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ. கூட்டுக்கு வேட்டைப் பிராணியை வரவழைக்கக் கூடாது என்று மீதி நேரம் விலகியே இருக்கும். குட்டியின் வயிறு உப்பி வழவழவென்று இருந்தால் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். சுருங்கி, தோல் மடிந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். சமூசா அப்போதும் வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

மறுபடி சேர்க்கும் விஷயம். ஆடி வரும்போது இரண்டையும் சட்டென்று ஒரே கூண்டில் போட்டுவிடாதீர்கள். இரண்டுமே இதுவரை கால் வைக்காத ஒரு இடம் தேடுங்கள், குளியலறைத் தரை போதும். கீழே ஒரு போர்வை விரித்து, நடுவில் ஒரு தட்டு நிறையக் கொத்தமல்லியும் புதினாவும் வைத்து, முதல் நாள் பத்து நிமிஷம் விடுங்கள். ஒன்று மற்றதன் முன்னால் தலையைத் தாழ்த்தினால், 'என் நெற்றியை நக்கு' என்று கேட்கிறது. மற்றது நக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று ஏறினால் சில விநாடி விட்டுப் பிடியுங்கள், தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், கடி படும் இடம் மோசமானது. முடி பறந்தால், வட்டமாகத் துரத்திக்கொண்டால், கையை நடுவில் விடாதீர்கள். துண்டை வீசிப் பிரித்துவிடுங்கள். சில ஜோடிக்கு மூன்று நாள், சில ஜோடிக்கு மூன்று வாரம். ஒரே ஈத்துக் குட்டிகள், வாசனையும் விட்டுப் போகவில்லை என்பதால் உங்களுக்குச் சீக்கிரம் ஆகும் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. இந்த வயதில் லூசர்ன், அதாவது குதிரைமசால், கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், ஆறு மாதம் வரை சரி. அதற்கு மேல் சுண்ணாம்புச் சத்து அதிகமாகிவிடும், டெஃப் புல்லுக்கு மாற்றிவிடுங்கள்.

மகனிடம் இந்த வாரமே சமூசாவை ஒரு பெட்டியில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். போகும்போது மைலோவையும் எடுத்துப் போகட்டும், வேறு பெட்டியில். மைலோ பெண் என்பதும் அந்த அட்டைப்பெட்டிக்காரர் சொன்ன வார்த்தைதானே, அதையும் வெளிச்சத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள். இரண்டுமே ஆண் என்று வந்தால் வேலியை எடுக்காமல் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், அந்தச் சண்டை வேறு மாதிரி.